அகிற்புகை: இருபாற்கும் பொதுவாகிய மாலை மணம்

முன்னுரை

வாசனைத் தைல வணிகத்தில் இன்று பெருவிலை பெறுவன சில உள. மாலை விருந்துக்கும் இரவுக்கும் உரியன என்றும், ஆடவரும் மகளிரும் ஒப்ப அணியத் தக்கன என்றும், அணிவார்க்கு ஆழமும் அடக்கமும் பொருந்திய ஒரு தோற்றத்தை நல்குவன என்றும் அவை விளம்பரம் பெறுகின்றன. அவற்றுள் பலவற்றின் பெயரில் 'ஊத்' என்னும் சொல்லைக் காணலாம். ஊத் என்பது மரம் எனப் பொருள்படும் அரபுச் சொல். நறுமண வணிகத்தில் அது குறிப்பது நம் இலக்கியங்கள் அகில் என வழங்கும் பொருளையே. பிரான்சு நாட்டு ஈவ் சான் லோரான் நிறுவனம் 2002இல் 'எம் 7' என்னும் அகில் மணக் கலவையை ஆடவர்க்கென வெளியிட்டது. அமெரிக்க வடிவமைப்பாளர் டாம் ஃபோர்டின் பெயரால் 2007இல் வெளிவந்த 'ஊத் வுட்' இருபாலார்க்கும் பொதுவாக விற்கப்பெற்றது. ஐந்தாண்டுக்குள் நேர்ந்த இம்மாற்றம் வணிகருக்கு ஒரு புதுமையாகத் தோன்றியிருக்கலாம். தமிழ் பயில்வார்க்கு அது ஒரு பழைய வினாவை எழுப்புகிறது.

ஆண் பெண் என்னும் வேற்றுமை கருதாத செழுமையான மாலை மணம் பண்டைத் தமிழகத்தில் இருந்ததா? இருந்ததாயின், அதனை அணிந்தாருடைய இயல்பைப் புலவர் எங்ஙனம் புலப்படுத்தினர்? அகிற்புகை என்றவுடன் மகளிர் கூந்தலை மட்டும் நினைந்து அமைதல் நம் வகுப்பறைகளில் வழக்கமாகிவிட்டது. மகளிர் கூந்தலைப் பற்றிய இடங்கள் மிகுதியாக இருத்தலே அதற்குக் காரணம். ஆயினும் அவ்வாறு அமைந்துவிடுதல் பாடல்கள் சிலவற்றின் பொருளைக் குறைத்துவிடுகிறது. பழந்தமிழ்ப் புலவர் மணத்தைப் பால்பற்றிப் பகுத்தனர் அல்லர், பொழுதுபற்றியே பகுத்தனர் என்பதும், மணம் ஓர் ஆளுமையை உண்டாக்குவதாக அன்றி, உள்ள நிலையை உணர்த்துவதாகவே அவர் கொண்டனர் என்பதும் ஈண்டு யாம் காட்ட விழைவன.

1. அகிலின் இயல்பு

பொருளின் இயல்பை அறிந்தபின் சொல்லை ஆராய்தல் முறை. அகில் தரும் மரங்களுள் தலைமையானவை அக்குவிலேரியா என்னும் இனத்தைச் சேர்ந்தவை. இவை அசாம் முதலாகத் தென்கிழக்காசியாவில் பரவி வளர்கின்றன. ஊறின்றி நிற்கும் மரத்தின் கட்டை வெளிறியது, எடை குறைந்தது, குறிப்பிடத்தக்க மணம் அற்றது. மரம் காயமுற்றுப் பூஞ்சைத் தொற்றுக்கு ஆளாகும்பொழுது, தன்னைக் காக்கும்பொருட்டு ஒருவகைப் பிசினைச் சுரக்கிறது. அப்பிசின் ஆண்டுக்கணக்கில் ஊறிக் கட்டையைக் கறுக்கச் செய்கிறது. அது வன்மையும் எடையும் பெற்று, உயர்ந்த வகையாயின் நீரில் அமிழ்ந்துவிடும். சீனரும் ஜப்பானியரும் இதற்கு இட்ட பெயர்கள் 'அமிழும் நறுமணம்' என்னும் பொருளையே தருகின்றன.

இவ்வியல்பை அறிந்தபின் நம் புலவர் அகிலுக்கு அடையாகத் தந்த சொற்களை நோக்குக. கார், இரும், காழ் என்பன அவை. முதல் இரண்டும் கருமையைக் குறிப்பன. காழ் என்பது உள்வயிரத்தைக் குறிப்பது. இவை ஓசை நிரப்ப வந்த அடைகள் அல்ல. வெளிறிய கட்டையினின்றும் பிசின் ஊறிக் கறுத்து வயிரம் பாய்ந்த பகுதியைப் பிரித்துணர்ந்தோர் வழங்கிய சொற்கள் அவை. மணம் உடைய பகுதி எது என்பதைப் புலவர் ஒற்றைச் சொல்லாற் சுட்டியுள்ளனர்.

சந்தனத்திற்கும் அகிலுக்கும் உள்ள வேறுபாடும் ஈண்டு அறியத்தக்கது. சந்தனம் நீர் விட்டுத் தேய்க்க மணக்கும். மேனியிற் பூசக் குளிர்ச்சி தரும். அகிலில் உள்ள கூறுகள் சில சூடேறிச் சிதையும்பொழுதே இனிய மணத்தை வெளிப்படுத்துகின்றன. ஆகலின் சந்தனம் சாந்தாயிற்று, அகில் புகையாயிற்று. ஒன்று நீரை வேண்டுவது, மற்றொன்று நெருப்பை வேண்டுவது. இவ்வேறுபாடே இரண்டிற்கும் உரிய பொழுதை வகுத்துவிட்டது எனலாம்.

2. கூதிரும் வேனிலும்

நக்கீரர் பாடிய நெடுநல்வாடை கூதிர்க் காலத்து மாலையொன்றை விரித்துரைக்கிறது. மழை மூட்டத்தால் கதிரவன் தோன்றாத நாளில் மாலை வந்தமையை மகளிர் எவ்வாறு அறிகின்றனர்? பித்திகத்தின் அரும்புகள் மலர்ந்து மணத்தலால் பொழுதை அறிந்து விளக்கேற்றுகின்றனர். பொழுதைக் கண்ணால் அறியாது மணத்தால் அறிதல் என்னும் இந்நுட்பம், பின்னர் வரவிருக்கும் செய்திக்கு வாயிலாக அமைகிறது. வடவர் தந்த வட்டக்கல் தென்னாட்டுச் சந்தனத்தொடு பயனின்றிக் கிடக்கிறது. குளிர் மிகுதலின் சாந்தை வேண்டுவார் இல்லை. அதற்கு மாறாக, நெருப்பமைத்து, வயிரம் பாய்ந்த கரிய அகிலையும் வெண்ணிற அயிரையும் சேர்த்துப் புகைக்கின்றனர். அயிர் என்பதற்குக் கண்டசருக்கரை என நச்சினார்க்கினியர் உரை கண்டார். அகிலோடு இனிப்புச் சேர்த்துப் புகைக்கும் முறை அரபு நாடுகளில் 'பகூர்' என்னும் புகைப்பொருளை ஆக்குவதில் இன்றும் உள்ளதாகலின், அவ்வுரை பொருந்துவதாகவே கொள்ளலாம்.

இதனோடு சிலப்பதிகாரத்து அந்திமாலைச் சிறப்புச்செய் காதையை ஒப்பிடுக. ஆண்டுக் காலம் வேனில். கணவரைக் கூடிய மகளிர், மேற்றிசையினின்று வந்த வெள்ளயிரையும் கீழ்த்திசையினின்று வந்த காரகிலையும் துறந்து, வடமலையிற் பிறந்த கல்லில் தென்மலைச் சந்தனத்தை அரைத்துக் கொள்கின்றனர். நக்கீரர் காட்டிய காட்சியை இளங்கோவடிகள் தலைகீழாக்கிக் காட்டியுள்ளார். கூதிரிற் சாந்து துறக்கப்பட்டது, அகில் கொள்ளப்பட்டது. வேனிலில் அகில் துறக்கப்பட்டது, சாந்து கொள்ளப்பட்டது. இருவரும் ஒரே மரபை அறிந்து பாடினர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

தொல்காப்பியம் குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது என்றும், யாமம் சிறுபொழுது என்றும் வகுத்தது. அகிற்புகை குளிர்காலத்து மாலையில் தொடங்கி யாமத்தில் நிலைபெறுவது. ஆதலின் அது கூடலுக்குரிய பொழுதின் மணமாகிறது. அகில் மலையில் விளைவது என்பதனால் மட்டும் அன்று, அதன் மணம் நிகழும் பொழுதாலும் குறிஞ்சிக்கு உரிமை பூணுகிறது என்பது எம் கருத்து. கருப்பொருளை நிலத்தொடு மட்டும் பொருத்திப் பார்க்கும் நம் வழக்கம் இவ்விடத்து விரிவுபெற வேண்டும்.

3. ஆடவர் தலைமயிரில் அகில்

மேற்காட்டிய இரண்டு இடங்களும் மகளிர் வாழ்வைச் சுட்டுவன. ஆகவே அகில் மகளிர்க்கே உரியது எனக் கொள்வார் இவற்றையே சான்றாகக் காட்டக்கூடும். அவர்க்கு விடையாக நிற்பது கபிலரின் குறிஞ்சிப்பாட்டு.

தினைப்புனங் காக்கும் தலைவியும் தோழியும் இருந்த இடத்திற்குத் தலைவன் வருகிறான். அவன் தோற்றத்தைத் தோழி செவிலிக்கு எடுத்துரைக்கிறாள். அவ்வுரை தலைமயிரிலிருந்து தொடங்குகிறது. எண்ணெய் தடவிச் சுருள வளர்ந்த மயிர். அதில் தகரம் மணக்கப் பூசிய பூச்சு. ஈரம் புலர விரலாற் கோதியமை. அதன்பின் ஊட்டிய வயிர அகிலின் புகை. அம்மணத்தை நாடி யாழிசைபோல் முரலும் வண்டுகள் என அவள் அடுக்கிச் செல்கிறாள். அதன் மேலே மலையிலும் நிலத்திலும் கொம்பிலும் சுனையிலும் பூத்த பல நிற மலர்கள் உள்ளன. ஒரு காதில் அசோகின் ஒள்ளிய பூ உள்ளது. கையில் வில்லும் அம்பும், காலிற் கழலும் உள்ளன.

இதிற் கருதத்தக்கது ஒன்று. நெய் பூசுதல், நறுவிரை சேர்த்தல், கோதி உலர்த்தல், புகையூட்டல் என்னும் நான்கு செயலும் இதே முறையில் மகளிர் கூந்தலுக்கும் கூறப்படுவன. கபிலர் ஆடவனுக்கெனத் தனி மணம் ஒன்றையோ தனி முறை ஒன்றையோ வகுக்கவில்லை. வில்லேந்திய கைக்கும் அகில் மணக்கும் மயிருக்கும் இடையே அவர் முரண் எதனையும் காணவும் இல்லை. தோழியும் அதனை வியப்பாகக் கூறினாள் அல்லள். தலைவன் மணத்தற்குத் தக்கான் என்பதற்குரிய அடையாளங்களுள் ஒன்றாகவே கூறினாள்.

இவ்வழக்கம் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் 45ஆம் சங்கீதம் மன்னன் ஆடைகளில் அகில் மணம் கமழ்ந்ததைக் கூறுகிறது. உன்னதப்பாட்டோ அதே பொருளை மணமகளின் நறுமணங்களுள் ஒன்றாக வைக்கிறது. எபிரேய மொழி இரண்டிடத்தும் ஒரே வேரிற் பிறந்த சொல்லை ஆள்கிறது.

4. மணமும் ஆளுமையும்

இனி, இம்மணம் எத்தகைய ஆளுமையைக் குறிக்கிறது என்பதைக் காண்போம். குறிஞ்சிப்பாட்டின் தலைவனையே மீண்டும் நோக்குக. வளமெல்லாம் திரண்ட தோற்றத்தோடு வந்தவன் வளத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. தன் வேட்டை நாய்களைக் கண்டு அஞ்சிய மகளிரிடம் மென்மொழி கூறித் தான் இழந்த விலங்கைப் பற்றி வினவுகிறான். அவர்கள் வாய் திறவாதபோது வருந்துகிறான். பின்னர் யானை பாய்ந்து வந்தபோது அவன் வன்மை வெளிப்படுகிறது. புறத்தே மென்மை, அகத்தே வயிரம், உரிய நேரத்தில் வெளிப்பாடு என்பன அவன் இயல்பு. கட்டையினுள் அடங்கிக் கிடந்து கனலிற் பட்டபோது வெளிப்படும் அகிலின் இயல்பும் அதுவே. கபிலர் இவ்வொப்புமையை வெளிப்படக் கூறவில்லை. எனினும் அவன் மயிரில் அகிற்புகையை ஏற்றியது வெற்றணியாக அன்றிப் பொருளோடு இயைந்தே நிற்கிறது.

செழுமையின் எல்லையைக் காண விழைவார் சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையை நாட வேண்டும். ஊடிய கோவலனை மகிழ்விக்க மாதவி தன்னை அணி செய்கிறாள். பத்துத் துவர், ஐந்து விரை, முப்பத்திரண்டு ஓமாலிகை ஆகியன ஊறிய நீரால் கூந்தலை ஆட்டிப் புகையில் உலர்த்தி மான்மதச் சேறு ஊட்டுகிறாள். நீரில் ஊறியன மட்டும் எண்ணின் 47 பொருள்கள். ஐந்து விரையாவன கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என உரைவழி அறிகிறோம். மரம், வேர், பிசின், மலர், விலங்கின் மதம் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் இம்முறை இக்காலப் பெருவிலைத் தைலங்களின் அமைப்புக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

ஆயின் இத்துணைச் செழுமையும் கோவலனை நிறுத்தவில்லை. அடுத்து வரும் கானல்வரியில் அவன் பிரிந்துவிடுகிறான். காப்பியத்தில் மிகுந்த மணம் பெற்ற கூந்தல் பிரிவின் வாயிலில் நிற்கிறது என்பது எண்ணத்தக்கது. மறுபுறம் அந்திமாலைக் காதையிற் கண்ணகியின் கூந்தல் நெய்யணியையே மறந்து கிடக்கிறது. மார்பிற் குங்குமம் இல்லை. நெடுநல்வாடையிலும் ஊரெல்லாம் அகில் புகைய, அரண்மனையுள் அரசி அணி துறந்து வருந்துகிறாள். மணம் இல்லாமையாலேயே இவ்விருவர் உள்ளமும் நமக்குப் புலனாகிறது.

இக்காலத்து விளம்பரமும் பழந்தமிழ்ச் செய்யுளும் வேறுபடும் இடம் இதுவே. இன்ன மணத்தை அணிந்தால் இன்ன ஆளுமை வாய்க்கும் என்கிறது விளம்பரம். செய்யுளோ மணத்தை ஓர் உறவின் நிலையாகக் காண்கிறது. கூடியிருப்பார் கொள்வர், பிரிந்திருப்பார் துறப்பர். கொள்ளுதலும் துறத்தலும் சேர்ந்தே ஒருவரின் இயல்பை உரைக்கின்றன. மாதவியை அவள் கொண்ட மணத்தாலும் கண்ணகியை அவள் துறந்த மணத்தாலும் அறிகிறோம். குப்பியில் அடைத்து விற்கத்தக்கது இவற்றுள் முன்னது மட்டுமே.

5. குடமலையும் குணகடலும்

இவ்விடத்து ஐயம் ஒன்று எழும். சிலப்பதிகாரம் காரகிலைக் கீழ்த்திசையினது என்கிறது. அந்நூலின் ஊர்காண் காதையும் தொண்டியோர் கலங்களிற் கொணர்ந்த பொருள்களுள் அகிலையும் துகிலையும் கருப்பூரத்தையும் சேர்த்துக் கூறுகிறது. ஆனால் பட்டினப்பாலையிற் புகார் வந்து குவிந்த பொருள்களைக் கூறும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், சந்தனத்தையும் அகிலையும் மேற்கு மலையிற் பிறந்தனவாகக் கூறுகிறார். அருவி சந்தனமும் அகிலும் உருட்டி வருதல் மலைபாடும் புலவர் பலர்க்கும் பொதுவான காட்சி. இரண்டில் எது உண்மை?

அகில் என்னும் பெயர் ஒன்றற்கு மேற்பட்ட மரங்களுக்கு வழங்கியது எனக் கொள்ளின் முரண் நீங்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மணமுள்ள மரம் ஒன்று வெள்ளகில் என்னும் பெயரால் இன்றும் அறியப்படுகிறது. இது வேப்ப மரத்தின் குடும்பத்தைச் சார்ந்தது, அக்குவிலேரியாவுக்கு உறவன்று. குடமலையிற் பிறந்த அகில் இத்தகைய உள்நாட்டு மரமாகவும், கடல்வழி வந்த காரகில் கீழை நாட்டுப் பிசின் அகிலாகவும் இருக்கலாம். வெண்மை, கருமை என்னும் அடைகள் மக்கள் வழக்கிலேயே இரண்டையும் பிரித்துக் காட்டுகின்றன. இது எம் துணிபேயன்றி முடிந்த முடிபு அன்று. ஆயினும் அகில் வருமிடந்தோறும் அக்குவிலேரியா எனக் குறிப்பெழுதிச் செல்லுதல் இனித் தவிர்க்கத்தக்கது.

சொல்லின் செலவும் சுவையுடையது. எபிரேயச் சொல்லைத் தமிழ் மலையாள வடிவத்தோடு இணைத்துக் காட்டியவர் கால்டுவெல். அவர்தம் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. பின்னர் வந்த போர்ச்சுகீசியர் மலையாளக் கரையிற் கேட்ட அகில் என்னும் சொல்லைத் தம் மொழியிற் கழுகைக் குறிக்கும் 'ஆகிலா'வாக மயங்கினர். ஐரோப்பியர் அதனைக் கழுகு மரம் என்றே மொழிபெயர்த்தனர். இலத்தீனிற் கழுகைக் குறிக்கும் சொல்லினின்றே பிரெஞ்சு அறிஞர் இலமார்க் 1783இல் அவ்வினத்திற்கு அக்குவிலேரியா எனப் பெயர் சூட்டினார். கழுகுக்கும் இம்மரத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அறிவியற் பெயருள்ளும் மறைந்து நிற்பது ஒரு தென்னாட்டுச் சொல்.

6. மேலை நாட்டுப் பகுப்பு

ஐரோப்பாவிலும் மணத்தைப் பால்பற்றிப் பகுத்தல் தொன்மையானதன்று. கொலோன் நகரில் 1709 முதல் ஃபரினா குடும்பத்தார் விற்ற நறுநீரை ஆடவரும் மகளிரும் ஒருங்கே ஆண்டனர். நெப்போலியன் அத்தகைய நறுநீரைப் பெரிதும் விரும்பினான். 1889இல் பாரிசு நகரத்துக் கெர்லேன் இல்லம் வெளியிட்ட 'சிக்கி' என்னும் தைலமும் இருபாலாரும் அணிந்த ஒன்றே. ஆடவர் வரிசை, மகளிர் வரிசை எனக் கடைகளில் தனித்தனியே அடுக்கும் வழக்கம் வலுப்பெற்றது இருபதாம் நூற்றாண்டு வணிகத்தில். 1994இல் கால்வின் கிளைன் நிறுவனத்தின் 'சி.கே. ஒன்' இருபாலார்க்கும் பொதுவென விளம்பரம் பெற்றபோது அது புரட்சிபோலப் பேசப்பட்டது. வளைகுடா நாட்டு இல்லங்களிலோ ஆடையிலும் தலையிலும் அகிற்புகை ஏற்றும் வழக்கம் ஆடவர் மகளிர் இருசாரார்க்கும் உரியதாக இடையறாது நிலவி வந்தது. ஆகவே இன்று புதுமையாக விற்கப்பெறுவது உண்மையில் மீண்டு வந்த பழைமையே.

முடிவுரை

இம்மீட்சிக்கு ஒரு விலையும் உண்டு. அகிலின் மணம் காயத்தாற் பிறப்பது. எந்த மரத்தினுள் பிசின் ஊறியுள்ளது என்பதை வெட்டாது அறிதல் அரிதாகலின், காட்டில் மணமற்ற மரங்களும் உடன் வீழ்த்தப்பட்டன. அசாமிலும் மலேசியாவிலும் வளரும் தலைமை வகை, 1995 முதல் அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. 2004இல் பாங்காக்கில் கூடிய மாநாடு அவ்வினம் முழுமையையும் அப்பட்டியலிற் சேர்த்தது. இன்று தோட்டங்களில் மரத்தைத் துளையிட்டுப் பிசினை வருவிக்கின்றனர். மேலை நாட்டுத் தைலங்களிற் பெரும்பாலும் செயற்கைக் கூறுகளே அகிலின் இடத்தை நிரப்புகின்றன. மணம் எஞ்ச, மரம் மறையும் நிலை இது. காழ், கார் என்னும் அடைகளின் பொருளை மரத்தைக் கண்டு அறியும் வாய்ப்பும் அதனோடு மறையும்.

இதுகாறும் கூறியவற்றால், அகிற்புகை தமிழ் இலக்கியத்தில் இருபாற்கும் பொதுவான மாலை மணம் என்பதும், அதன் உரிமையை வரையறுத்தது பொழுதே என்பதும், அதனை அணிதலும் துறத்தலும் மாந்தர் உள்ளத்தைப் புலப்படுத்தும் வாயில்கள் என்பதும் பெறப்படும். சங்க இலக்கியத்திலும் காப்பியங்களிலும் வரும் மணச் சொற்கள் அனைத்தையும் தொகுத்து, அணிந்தார் பால், பெரும்பொழுது, சிறுபொழுது, கூடல் பிரிவு நிலை, பொருள் வந்த திசை என ஐந்து தலைப்பில் நிரல்படுத்திய அடைவொன்று செய்யப்படுமாயின், இம்முடிபுகள் உறுதி பெறும். திருத்தம் வேண்டுவன திருத்தமும் பெறும். முதுகலை மாணவர் ஒருவர் மேற்கொள்ளுதற்கு ஏற்ற பணி அது. ஆராய்வார் ஆய்ந்து கொள்க.